படுக்கையருகே ஒரு வகுப்பு: ஐசியு செவிலியர்களின் கேள்விகளும் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஐசியுவில் வேலை பார்க்கும் செவிலியர்களும், அங்கே மாணவிகளை அழைத்துப் போகும் ட்யூட்டர்களும் எழுதியவை. தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிவிட்டுக் கற்பிக்க வந்த செவிலியர் ஆசிரியர்கள் பதில் தருகிறார்கள்.

பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தனியார் மருத்துவமனை ஐசியுவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பக்கத்து ஊர் கல்லூரியில் ட்யூட்டர் வேலை காலியாக இருக்கிறது. நைட் டூட்டி கிடையாது, ஞாயிறு லீவு என்று வீட்டில் போகச் சொல்கிறார்கள். போகலாமா?
– வாசகி, திண்டுக்கல்

இப்போது வேண்டாம். குறைந்தது இரண்டு ஆண்டு, முடிந்தால் மூன்று ஆண்டு ஐசியுவிலேயே இருங்கள்.

எட்டு மாதத்தில் வேலை பழகியிருக்கும். சக்‌ஷன் போட்டுச் சளியை உறிஞ்சுவீர்கள், சார்ட் எழுதுவீர்கள், டாக்டர் சொன்ன டோஸைப் பம்பில் வைப்பீர்கள். ஆனால் ஒரு நோயாளி மோசமாகப் போகிறார் என்பது மானிட்டரில் தெரிவதற்கு முன்பே கண்ணில் படும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் வராது. மூச்சு வேகம் 18-லிருந்து 26-க்கு ஏறுவது, பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று போர்வையைப் பிடித்து இழுப்பது, கை நுனி சில்லென்று ஆவது, இதெல்லாம் பல நோயாளிகளைப் பார்த்த பிறகுதான் பிடிபடும். மாணவி உங்களிடம் கேட்கப்போவதும் இதைத்தான். புத்தகத்தில் இருப்பதை அவளே படித்துக்கொள்வாள்.

எப்போது தயார் என்று உங்களை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வென்டிலேட்டர் நோயாளியை ஒரு முழு டூட்டி யாரையும் கூப்பிடாமல் பார்க்க முடிகிறதா? அதே நோயாளியை சி.டி. ஸ்கேனுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர என்னென்ன எடுக்க வேண்டும் என்று பட்டியல் பார்க்காமல் சொல்ல முடிகிறதா? அம்பு பை (கையால் அமுக்கிக் காற்று ஊதும் பை), நிரம்பிய ஆக்சிஜன் சிலிண்டர், சார்ஜ் உள்ள மானிட்டர், பம்புகள், அவசர மருந்துகள், சக்‌ஷன்: இதில் ஒன்று விட்டுப்போனாலும் லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்வீர்கள். இதயம் நின்ற நேரத்தில் மார்பு அழுத்தம், மருந்து, குறிப்பு எழுதுதல் என மூன்று இடத்திலும் நின்றிருக்கிறீர்களா? இறந்தவரின் குடும்பத்தாரோடு நின்று பேசியிருக்கிறீர்களா? நான்குக்கும் ஆம் என்றால் கிளம்பலாம்.

வீட்டில் சொல்வதிலும் நியாயம் உண்டு. நைட் டூட்டி உடம்பை வாட்டும். வேலையை விடுவதற்கு முன், தொடர்ந்து எத்தனை நைட் வருகிறது என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் பேசிப் பாருங்கள். எம்.எஸ்சி. நர்சிங்கில் சேர பி.எஸ்சி.க்குப் பிறகு ஒரு வருடப் பணி அனுபவம் வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள். விலகும் நாளில் வாங்கும் அனுபவச் சான்றிதழில் ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்று மட்டும் போட்டுத் தருவார்கள். எந்த ஐசியு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பிறகு போய்க் கேட்டால் பழைய பதிவேட்டைத் தேடுவதிலேயே மாதக்கணக்கில் போய்விடும்.

எம்.எஸ்சி., நர்ஸ் பிராக்டிஷனர், போஸ்ட் பேசிக் டிப்ளமா என்று மூன்று சொல்கிறார்கள். கிரிட்டிக்கல் கேரில் எதைப் படிப்பது?
– வாசகர், சேலம்

கல்லூரி ஆசிரியர் ஆக வேண்டும் என்றால் எம்.எஸ்சி. நர்சிங், இரண்டு ஆண்டு. மெடிக்கல் சர்ஜிகல் பிரிவில் சேர்ந்து, அதற்குள் கிரிட்டிக்கல் கேரை உட்பிரிவாக எடுக்கலாம். உதவிப் பேராசிரியர் பதவிக்கும் அதற்கு மேலும் இந்தப் பட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர் என்பதும் இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்புதான். ரெசிடென்சி முறை என்பதால் பெரும்பகுதி நேரம் ஐசியுவிலேயே போகும். நோயாளியை மதிப்பிட்டு முடிவெடுக்கும் திறனுக்காக உருவான படிப்பு. படுக்கையருகே நின்றுதான் வேலை என்று இருப்பவர்களுக்குப் பொருந்தும். ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமா, வேலையில் இருக்கும் பதிவு பெற்ற செவிலியர் தன் கையைத் தேற்றிக்கொள்ள நல்ல வழி. ஆனால் அது முதுநிலைப் பட்டத்துக்கு ஈடாகாது.

எதில் சேர்ந்தாலும் அந்தக் கல்லூரியின் மருத்துவமனையில் உண்மையில் எத்தனை வென்டிலேட்டர் படுக்கை இயங்குகிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். கட்டடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

மூன்றாம் ஆண்டு மாணவிகளை முதல் நாள் ஐசியுவுக்கு அழைத்துப் போனால் மிரண்டுவிடுகிறார்கள். எல்லோர் கண்ணும் மெஷின் மேலேயே இருக்கிறது. முதல் நாள் எப்படித் தொடங்குவது?
– ட்யூட்டர், நாகர்கோவில்

ஒரே ஒரு படுக்கை, மூன்று மாணவிகள், இருபது நிமிடம். அன்றைக்கு இது போதும். பத்துப் பேரையும் ஒரே படுக்கையைச் சுற்றி நிற்க வைத்தால் பின்னால் நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாது, ஸ்டாஃபுக்கும் இடைஞ்சல்.

முதல் இரண்டு நிமிடம் மானிட்டரைப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். வேண்டுமானால் மானிட்டருக்கு முதுகைக் காட்டி நிற்கட்டும். நோயாளியின் பெயரைச் சொல்லி, யார் வந்திருக்கிறோம், என்ன செய்யப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். மயக்க மருந்தில் இருப்பவருக்கும் இது உண்டு. பிறகு முகம், மார்பு இரண்டு பக்கமும் சமமாக எழும்புகிறதா, தோலின் நிறம், கை கால் சூடு. நாடியைக் கையால் பிடித்து எண்ண வேண்டும். அதன் பிறகு திரும்பி மானிட்டரைப் பார்க்கட்டும். தான் எண்ணியதும் திரையில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும்போது மெஷின் மேல் இருந்த மிரட்சி பாதி போய்விடும்.

அடுத்து தலையிலிருந்து கால் வரை ஒரே வரிசையில் போங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு காரணம். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். தட்டையாகக் கிடந்தால் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகும். மூச்சுக்குழலுக்குள் போட்ட டியூப் உதட்டோரம் எத்தனை செ.மீ.யில் இருக்கிறது, காலையில் எழுதியது எத்தனை? 22-ல் இருந்தது 25-ஆகியிருந்தால் வலது மூச்சுக்குழலுக்குள் இறங்கியிருக்கலாம். இடது மார்பைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கஃப் (டியூபின் நுனிப்பக்கம் உள்ள பலூன்) அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. தண்ணீர் அளவு. குறைந்தால் மேலே தேங்கிய எச்சில் கசிந்து கீழே இறங்கும், கூடினால் மூச்சுக்குழலின் உள்தோலுக்கு ரத்தம் போகாது. விரலால் பலூனை அமுக்கிப் பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்லும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அதை மாணவிக்குக் கற்றுக்கொடுத்துவிடாதீர்கள். அளவுமானியை வைத்தே பார்க்கட்டும்.

ஆர்ட்டரி லைன் (ரத்த அழுத்தத்தை நேரடியாக அளக்கத் தமனியில் போடும் குழாய்) இருந்தால், அழுத்தத்தைத் திரைக்கு அனுப்பும் டிரான்ஸ்டியூசர் இருக்கும் மட்டத்தைக் கட்டாயம் காட்டுங்கள். நான்காவது விலா இடைவெளி, அக்குளின் நடுக்கோடு, இரண்டும் சந்திக்கும் இடத்துக்கு நேராக அது இருக்க வேண்டும். லைனுக்குள் உப்புநீரைத் தள்ளும் பிரஷர் பை 300 மி.மீ. பாதரசத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். டிரான்ஸ்டியூசர் ஸ்டாண்டில் மாட்டியிருக்கும்போது யாரோ கட்டிலை உயர்த்திவிட்டுப் போயிருப்பார்கள். இப்படி டிரான்ஸ்டியூசர் 10 செ.மீ. கீழே போனால் ரத்த அழுத்தம் ஏறக்குறைய 7 மி.மீ. கூடுதலாகக் காட்டும். மேப் (சராசரி ரத்த அழுத்தம்) உண்மையில் 60, திரையில் 67. ‘நன்றாக இருக்கிறது’ என்று அழுத்தத்தை ஏற்றும் மருந்தைக் குறைத்துவிடுவார்கள். கட்டிலை ஏற்றி இறக்கி அந்த எண் மாறுவதை ஒருமுறை கண்ணால் பார்த்த மாணவி அதை மறப்பதில்லை.

முதல் நாள் வென்டிலேட்டர் மோடுகளை (அது மூச்சுத் தரும் முறைகளை) தொடவே வேண்டாம். ஒன்றை மட்டும் செய்யச் சொல்லுங்கள்: டேப்பை எடுத்து நோயாளியின் உயரத்தை அளப்பது. ஒரு மூச்சுக்கான காற்றளவை உடல் எடையை வைத்துப் போடுவதில்லை, உயரத்திலிருந்து கணக்கிட்ட எடையை வைத்துத்தான் போடுகிறோம். 155 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு அந்தக் கணக்கு எடை சுமார் 48 கிலோ. கிலோவுக்கு 6 முதல் 8 மி.லி. என்றால் 288 முதல் 384 மி.லி. அதே பெண்ணின் உண்மையான எடை 80 கிலோ என்று அதை வைத்துப் போட்டால் 480-லிருந்து 640 மி.லி. வரை போகும், நுரையீரல் அளவுக்கு மீறி விரிந்து புண்ணாகும். எடை கூடினால் நுரையீரல் பெரிதாவதில்லை என்று சொன்னால் மாணவிக்குச் சட்டென்று புரியும்.

சக்‌ஷன் செயல்முறையை எத்தனை முறை செய்து காட்டினாலும் மாணவிகள் தவறு செய்கிறார்கள். எங்கே கோளாறு?
– ட்யூட்டர், விழுப்புரம்

பேசிக்கொண்டே செய்து காட்டுவதில்தான் பெரும்பாலும் கோளாறு. காது ஒரு பக்கம், கண் ஒரு பக்கம் போகிறது. பெய்ட்டன் பெயரால் அறியப்படும் நான்கு படி முறையைப் பின்பற்றிப் பாருங்கள். முதலில் ஒரு வார்த்தை பேசாமல், உண்மையான வேகத்தில் முழுதாகச் செய்யுங்கள். இரண்டாவது முறை ஒவ்வொரு படியாக நிறுத்தி, ஏன் என்று சொல்லிச் செய்யுங்கள். மூன்றாவது முறை மாணவி சொல்லச் சொல்ல நீங்கள் செய்ய வேண்டும். அவள் சொல்லாததைச் செய்யக் கூடாது. நான்காவது முறை அவளே சொல்லி, அவளே செய்வாள். மூன்றாவது படியைப் பலர் நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். மாணவி எதைப் புரிந்துகொள்ளவில்லை என்று காட்டிக்கொடுப்பதே அந்தப் படிதான்.

இனி சக்‌ஷனுக்கு. சளியை உறிஞ்சும் குழாயான கதீட்டரின் தடிமன் டியூபின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. டியூப் எண்ணை மூன்றால் பெருக்கி இரண்டால் வகுத்தால் கதீட்டரின் தடிமனைக் குறிக்கும் பிரெஞ்சு அளவு வரும். 8-ம் எண் டியூபுக்கு 12. தடித்த கதீட்டர் போட்டால் சளியோடு நுரையீரலில் இருக்கும் காற்றையும் சேர்த்து உறிஞ்சிவிடும், சின்ன காற்றறைகள் சுருங்கும். பெரியவர்களுக்கு 80 முதல் 120 மி.மீ. அழுத்தம், 150-ஐத் தாண்டாமல் பாருங்கள். கதீட்டரை உள்ளே விடுவதற்கு முன்பே, உறிஞ்சும் மெஷினின் குழாயை விரலால் மடித்துப் பிடித்து அழுத்தத்தைப் படிக்க வேண்டும். திறந்த நிலையில் மீட்டர் காட்டுவது பொய்க் கணக்கு. 30 முதல் 60 வினாடி நூறு சதவீத ஆக்சிஜன். உள்ளே விடும்போது உறிஞ்சக் கூடாது, வெளியே இழுக்கும்போது மட்டும். முழுவதும் 15 வினாடிக்குள். மாணவியே தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யட்டும்; தனக்கு முட்டும்போது நோயாளிக்கும் முட்டும் என்று தெரியும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று அட்டவணை போட்டுச் செய்வதை விடுங்கள். சளிச்சத்தம், அழுத்த அலாரம், ஆக்சிஜன் இறக்கம், வென்டிலேட்டர் கோட்டில் ரம்பப் பல் போன்ற வடிவம், இவற்றில் ஏதாவது இருந்தால் செய்யுங்கள். வழக்கத்துக்காக உப்புநீர் ஊற்றுவதும் வேண்டாம்.

டோஸ் கணக்கு வகுப்பில் எல்லோரும் சரியாகப் போடுகிறார்கள். வார்டில் தடுமாறுகிறார்கள்.
– வாசகி, தஞ்சாவூர்

சூத்திரத்தை மனப்பாடம் செய்திருக்கிறார்கள், அளவின் உணர்வு வரவில்லை. கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன் ‘தோராயமாக எவ்வளவு வரும்?’ என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

60 கிலோ நோயாளி. ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம். 50 மி.லி. சிரிஞ்சில் 4 மி.கி. நிமிடத்துக்கு 6 மைக்ரோகிராம், மணிக்கு 360. ஒரு மி.லி.யில் 80. எண்பது நான்கு தடவை 320, ஐந்து தடவை 400. ஆக நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில். கணக்குப் போட்டால் 4.5 மி.லி. இந்தத் தோராயம் மனதில் இருந்தால், பம்பில் புள்ளி விட்டுப்போய் 45 என்று விழும்போது கை தானாக நிற்கும்.

ஆம்பூல் லேபிளில் எழுதியிருப்பது பைடார்ட்ரேட் உப்பின் எடையா, அதிலுள்ள மருந்தான பேஸின் எடையா என்று படிக்கச் சொல்லுங்கள். 2 மி.கி. பைடார்ட்ரேட்டில் 1 மி.கி. பேஸ்தான் இருக்கிறது. யூனிட்டில் ஒருவர் இப்படியும் ஒருவர் அப்படியும் கணக்கிட்டால், டூட்டி மாறும்போது டோஸ் இரண்டு மடங்காகும் அல்லது பாதியாகும். எந்தக் கணக்கு என்று எழுதி மருந்து டிராலியில் ஒட்டிவிடுங்கள்.

கணக்கு சரியாக இருந்தும் தவறும் இடங்கள் இரண்டு. சிரிஞ்ச் முழுதும் காலியான பிறகு அடுத்ததைக் கரைக்கப் போவது ஒன்று. அந்த இரண்டு நிமிடத்தில் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். 5 மி.லி. மிச்சம் இருக்கும்போதே அடுத்த சிரிஞ்ச் தயாராக இருக்க வேண்டும். மற்றது, அதே லைனில் ஆன்டிபயாடிக் ஏற்றுவது. குழாயில் நிற்கும் நார்அட்ரினலின் மொத்தமாக உள்ளே தள்ளப்படும்.

பொட்டாசியம் குளோரைடு பற்றி இரண்டே வரி: 10 மி.லி. ஆம்பூலில் 20 மில்லி ஈக்குவலன்ட் இருக்கிறது. அதைக் கரைக்காமல் நேராக ரத்தக் குழாயில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். மாணவி கையில் அந்த ஆம்பூலைத் தனியாகக் கொடுக்கவே கூடாது.

எங்கள் கல்லூரியில் இருப்பது ஒரே ஒரு பழைய பொம்மை. சிமுலேஷன் (நிஜம் போலவே செய்து பழகும் பயிற்சி) எப்படி நடத்துவது?
– உதவிப் பேராசிரியர், புதுக்கோட்டை

தாராளமாக நடத்தலாம். திரைக்குப் பதில் அட்டைகள்: ஆக்சிஜன் 96, 91, 86, 79 என்று எழுதி வையுங்கள். மாணவி ஆக்சிஜன் அளக்கும் புரோபை விரலில் மாட்டினால்தான் அட்டையைக் காட்ட வேண்டும், ஸ்டெத்தை வைத்தால்தான் ‘இடது பக்கம் சத்தம் இல்லை’ என்று சொல்ல வேண்டும். கேட்காததைத் தராதீர்கள். காலாவதியான டியூப், கதீட்டர்களைப் ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று எழுதிப் பூட்டி வையுங்கள். அவை தவறியும் வார்டுக்குப் போகக் கூடாது.

காட்சி: வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஆக்சிஜன் சரிகிறது. மாணவிகள் செய்ய வேண்டியது, வென்டிலேட்டரைக் கழற்றி நூறு சதவீத ஆக்சிஜனோடு அம்பு பையால் ஊதிக்கொண்டே உதவிக்குக் கூப்பிடுவது. பிறகு நான்கைத் தேட வேண்டும்: டியூப் இடம் மாறியதா, சளியாலோ நோயாளி கடிப்பதாலோ டியூப் அடைத்ததா, நுரையீரலுக்கு வெளியே காற்று சேர்ந்ததா, மெஷினில் கோளாறா. பையால் ஊதியதும் ஆக்சிஜன் ஏறினால் மெஷின்மேல் சந்தேகம்.

இந்த ஊதும் வேகத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். டியூப் போட்டவருக்கு 6 வினாடிக்கு ஒருமுறை, மார்பு எழும்பும் அளவுக்கு மட்டும். பதற்றத்தில் நிமிடத்துக்கு முப்பது முறை அமுக்குவார்கள். காற்று வெளியேற நேரமின்றி உள்ளே தேங்கி, இதயத்துக்கு ரத்தம் திரும்புவது குறைந்து, அழுத்தம் விழும். 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மயக்கவியல் மருத்துவர் இப்சனின் யோசனைப்படி மாணவர்கள் முறை வைத்து நாள்கணக்கில் கையாலேயே பையை அமுக்கி உயிர்களைக் காத்தார்கள். ஐசியு என்ற ஏற்பாடே அதிலிருந்து வளர்ந்ததுதான். கடிகாரம் பார்த்து ஊதப் பழக்குங்கள்.

முன்விளக்கம் 5 நிமிடம், காட்சி 10, அதன் பிறகு பேசுவதற்கு 20. ‘அந்த நேரத்தில் என்ன நினைத்தாய்?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பத்து வினாடி மௌனம் நீளமாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆசிரியர் விரிவுரை ஆரம்பித்துவிட்டால் சிமுலேஷன் வீண்.

நோயாளியின் உறவினர் பார்க்கும்போது மாணவி தவறு செய்தால் எப்படித் திருத்துவது?
– ஸ்டாஃப் நர்ஸ், கோயம்புத்தூர்

முன்கூட்டியே ஒரு சொல்லைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். ‘கொஞ்சம் இரும்மா, நான் பிடிக்கிறேன்’ என்றால் உடனே கையை எடுத்துவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. அதே டூட்டிக்குள், உறவினர் இல்லாத இடத்தில் பேசுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் இருவருக்கும் விவரம் மங்கிவிடும். மருந்துத் தவறு என்றால் முதலில் நோயாளி, அடுத்து டாக்டருக்குத் தகவல், பிறகு பதிவு. ‘ஏன் கவனிக்கவில்லை’ என்று கேட்காமல், ‘அந்த ஆம்பூல் எதனால் சரியானதாகத் தெரிந்தது’ என்று கேளுங்கள். ஒரே நிற மூடி, பக்கத்துப் பக்கத்து டப்பா என்று திருத்தக்கூடிய காரணம் கிடைக்கும்.

இரவில் டாக்டருக்கு ஃபோன் செய்ய மாணவிகளும் புது ஸ்டாஃபும் பயப்படுகிறார்கள்.
– இன்சார்ஜ் சிஸ்டர், திருச்சி

என்ன சொல்வது என்று தெரியாததால் வரும் பயம்தான் அதிகம். நான்கு வரியைத் தாளில் எழுதிவிட்டு டயல் செய்யட்டும்: இப்போது என்ன, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் என்ன வேண்டும்.

“சார், மெடிக்கல் ஐசியு, பெட் 4. பிபி 84/46, மேப் 59, அரை மணி நேரமா இறங்கிட்டே வருது. நிமோனியா, செப்சிஸ், இன்னைக்கு ரெண்டாவது நாள். நார்அட்ரினலின் மணிக்கு 4.5 ஓடுது, ரெண்டு மணி நேரத்துல யூரின் 20 மி.லி. ஷாக் அதிகமாகுதுன்னு நினைக்கிறேன் சார். நீங்க வந்து பாக்கணும், அதுவரைக்கும் டோஸ் எவ்வளவு ஏத்தலாம்?”

டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்து, நேரத்தோடு எழுத வேண்டும். மூன்றாவது வரியில்தான் நம் பெண்கள் தயங்குகிறார்கள். ‘நினைக்கிறேன்’ என்று சொல்லும் உரிமை செவிலியருக்கு உண்டு என்பதை வகுப்பிலேயே சத்தமாகச் சொல்லிப் பழக்க வேண்டும்.

ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமா) முடித்து ஐசியுவில் பத்து வருடம். எனக்கு ஆசிரியராக வழி உண்டா?
– வாசகி, ராமநாதபுரம்

உண்டு. இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி., அதன்பின் எம்.எஸ்சி. படிக்க முடியாத சூழல் என்றால், உங்கள் மருத்துவமனையிலேயே புது ஸ்டாஃபுக்குப் பயிற்சி தரும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள்; பத்து வருட ஐசியு கைக்கு அங்கே மதிப்பு அதிகம். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் முதலில் அதை முடியுங்கள்.

பன்னிரண்டு வருடமாகக் கற்பிக்கிறேன். ஐசியுவில் இருக்கும் புது மெஷின்களைத் தொடவே தயக்கமாக இருக்கிறது. இதை வெளியே சொல்லவும் கூச்சம்.
– இணைப் பேராசிரியர், மதுரை

கூச்சம் வேண்டாம். மாணவிகளைப் போஸ்டிங் அழைத்துப் போகும் நாளில் இதைச் செய்யாதீர்கள், கவனம் இரண்டு பக்கமும் சிதறும். கல்லூரி விடுமுறையில் இரண்டு வாரம், இன்சார்ஜ் சிஸ்டரிடம் அனுமதி கேட்டு, ஒரு ஸ்டாஃப் நர்ஸோடு சேர்ந்து ஒரே நோயாளியைப் பாருங்கள். முதல் மூன்று நாள் கை வைக்காமல் கவனியுங்கள். நான்காம் நாளிலிருந்து அவர் மேற்பார்வையில் செய்யுங்கள். அவர் உங்கள் பழைய மாணவியாகவே இருந்தாலும் அந்த யூனிட்டில் அவர் சொல்வதுதான் முறை.

மெஷின்களில் முதலில் சிரிஞ்ச் பம்பைப் பிடியுங்கள். நாள் முழுதும் கை படுவது அதில்தான். சிரிஞ்சின் கம்பெனியும் அளவும் பம்பில் சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்; அது மாறினால் திரையில் 4.5 என்று இருந்தாலும் உள்ளே போவது வேறு அளவு. அடுத்து வென்டிலேட்டரின் அலாரம் எல்லைகள், அதன்பின் மோடுகள். முதலுதவி உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பதைத் தவற விடாதீர்கள். விடுமுறை முடிந்த பிறகும் வாரத்தில் ஒரு காலை, டூட்டி மாறும்போது நடக்கும் ஹேண்ட் ஓவர் தொடங்கும் நேரத்துக்குப் போய் மதியம் வரை நில்லுங்கள். பாதியில் போய்ச் சேர்ந்தால் இரவில் என்ன நடந்தது என்பது கிடைக்காது. மறுநாள் வகுப்பில் சொல்ல வேண்டியது பெரும்பாலும் அந்த ஹேண்ட் ஓவரில்தான் இருக்கும்.